கிணற்று நீரும் வெள்ளித் துகளும்

"எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது, நூற்றைம்பது அடிக்குக் கீழிருந்து வருகிறது, அதற்குமா வடிகட்டி?" என்று கேட்காத குடும்பத் தலைவர் நம் பங்குகளில் அரியர். கடைத்தெருவிலோ 'நானோ வெள்ளி' என்று பொறித்த வடிகட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை விற்பவர் சொல்வதைக் கேட்டால், இனி உலகில் வயிற்றுப்போக்கு என்ற நோயே இராது என்று தோன்றும். இவ்விருவர்க்கும் நடுவில் நின்று, கையிலுள்ள பணத்தையும் இடுப்பிலுள்ள குழந்தையையும் மாறிமாறிப் பார்ப்பவள் அக்குடும்பத்தின் தாய். அவளுக்காகவே இம்மாத எம் கட்டுரை.

தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். கானடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் வாக்கர்ட்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அக்காலத்தில் அங்கு வாழ்ந்தவர் ஐயாயிரத்துக்கும் குறைவு. செல்வ நாடு, குழாய் இல்லாத வீடு இல்லை. ஊருக்கு நீர் தந்தவை நிலத்தடி நீர்க் கிணறுகள். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்குப் பெருமழை பெய்தது. ஊரின் 5-ஆம் எண் கிணற்றுக்கு அருகே ஒரு பண்ணை. அங்கு வயலுக்கு மாட்டெரு இடப்பட்டிருந்தது. அந்தக் கிணறோ வெடிப்புகள் நிறைந்த பாறையில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்திலிருந்தே நீரை எடுத்தது. எருவிலிருந்த ஈ-கோலி என்னும் கிருமியின் கொடிய வகையொன்று மழைநீரோடு வெடிப்புகளின் வழியே இறங்கிக் கிணற்றைச் சேர்ந்தது. குளோரின் மருந்தை உரிய அளவில் கலந்திருந்தால் கிருமி மடிந்திருக்கும். கலக்க வேண்டியவர்கள் குறைவாகக் கலந்தனர். ஏட்டிலோ சரியாகக் கலந்ததாக எழுதினர். ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர், எழுவர் மாண்டனர். பின்னர் நிகழ்ந்த பகிரங்க விசாரணையில் பண்ணைக்காரர்மீது குற்றம் இல்லை என்றே முடிவாயிற்று. அவர் முறைப்படிதான் எருவிட்டிருந்தார். பிழை கிணற்றைக் காத்தவர்களிடமும், அவர்களைக் கண்காணிக்கத் தவறிய அமைப்பிடமும் இருந்தது.

இத்தனை வசதி படைத்த ஊரிலேயே இது நேர்ந்ததாயின், கழிப்பறைக் குழியும் குடிநீர்க் கிணறும் ஒரே முற்றத்தில் அடுத்தடுத்து இருக்கும் நம் வீடுகளின் நிலை என்ன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நிலத்தடி நீர் இயல்பாகவே தூயது என்ற நம்பிக்கை முழுப் பொய்யன்று, பாதி மெய். மணல் நல்லதொரு வடிகட்டி. 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைக் காலரா சூறையாடியபோது எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதை ஒட்டியே இருந்த அல்டோனா நகரமோ அதே எல்பா ஆற்றில், அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பின் கீழ்ப்புறத்தில் நீர் எடுத்தும், பெரும்பாலும் தப்பியது. காரணம், அங்கு ஆற்று நீரை மணற்படுகைகளின் வழியே மெல்லச் செலுத்திய பின்னரே மக்களுக்கு வழங்கினர். மண்ணுக்கடியில் இறங்கும் மழைநீருக்கும் இயற்கை இதே பணியைச் செய்கிறது. ஆனால் அதற்கு மணலும் வேண்டும், காலமும் வேண்டும். தமிழகத்தின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். பாறைக்கு மேலுள்ள மண் பல இடங்களில் மெலிந்தது, பாறையிலோ வெடிப்புகள். அவ்வெடிப்பில் இறங்கிய நீர் வடிகட்டப்படுவதில்லை, ஓடுகிறது. குழாய்க் கிணற்றின் மேற்பகுதியில் இறக்கிய குழாயைச் சுற்றிலும் சிமெந்து இட்டு அடைக்காவிட்டால், முற்றத்து அழுக்குநீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே நேராகக் கீழே இறங்கிவிடும். நூற்றைம்பது அடி ஆழம் என்ற பெருமை அப்போது என்ன பயன் தரும்?

இனி வடிகட்டிகளுக்கு வருவோம்.

கிருமியைத் தடுப்பதற்கு இருவழிகள் உண்டு. ஒன்று, அது நுழைய முடியாத சிறு துளைகளின் வழியே நீரைச் செலுத்துவது. மற்றொன்று, அதனைக் கொன்றுவிடுவது. முதல் வழியில் புகழ்பெற்றவர் லூயி பாஸ்டரின் உடனுழைப்பாளரான சாம்பர்லான் என்பவர். 1884-இல் அவர் மெருகிடாத பீங்கானால் ஒரு குழல்வடிகட்டி செய்தார். கிருமிகள் அதன் வெளியிலேயே நின்றுவிட்டன. பின்னர் ஒரு வியப்பு நேர்ந்தது. அவ்வடிகட்டியையும் கடந்து சென்று நோய் விளைவிக்கும் பொருள் ஒன்று உண்டு என்பதை விஞ்ஞானிகள் கண்டனர். அதுவே இன்று நாம் வைரசு என்று அழைப்பது. அளவைச் சொன்னால் இது விளங்கும். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். ஈ-கோலிக் கிருமியின் நீளம் 2,000. குழந்தைகளுக்குப் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரசு வெறும் 75. ஆகவே பாக்டீரியாவை நிறுத்தும் துளை வைரசுக்கு அகன்ற வாயிற்கதவு.

இரண்டாம் வழிக்கு வெள்ளி நெடுங்காலத் துணை. பாரசீக மன்னன் சைரசு போருக்குப் போகும்போது, காய்ச்சிய ஆற்றுநீரை வெள்ளிப் பாத்திரங்களில் நிரப்பி வண்டிகளில் உடன்கொண்டு சென்றான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டசு எழுதிவைத்திருக்கிறார். (காய்ச்சியும் எடுத்துச் சென்றான் என்பதை வாசகர்கள் கவனிக்க!) நம் வீடுகளில் குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கை அறியாதவர் யார்? 1880-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் எத்தனையோ சிசுக்கள் குருடாவதைத் தடுத்தார். பிற்காலத்தில் உலகெங்கும் மகப்பேற்று மனைகளில் அச்சொட்டு வழக்கமாயிற்று. நீரில் கரையும் உலோகத்தின் மிக மிகச் சிறிய அளவே நுண்ணுயிரைக் கொல்லப் போதும் என்று சுவிட்சர்லாந்தின் தாவரவியலார் நெகேலி ஆராய்ந்து கண்டது, அவர் மறைவுக்குப் பின் 1893-இல் வெளியாயிற்று.

ஆயினும் வெள்ளிச் சங்கில் பால் ஊற்றிய மாத்திரத்தில் பாலிலுள்ள கிருமி மடிந்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டா. திண்ணிய வெள்ளியிலிருந்து நீரில் கரைவது மிகச் சொற்பம். சில நிமிடங்களில் அது எதையும் சாதிப்பதில்லை. சங்கை வெந்நீரில் கழுவுவதே குழந்தைக்குக் காவல்.

அப்படியானால் நானோ வெள்ளியில் மட்டும் என்ன புதுமை? ஒரு சிறு கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு சென்டிமீட்டர் உள்ள வெள்ளிக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை பத்தரை கிராம். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால்தலை அளவு. அதே கட்டியைப் பக்கம் 10 நானோமீட்டர் உள்ள துகள்களாக அரிந்துவிட்டதாகக் கொள்வோம். வெள்ளியின் எடை மாறவில்லை. ஆனால் அத்துகள்களின் மேற்பரப்புகளையெல்லாம் கூட்டினால் 600 சதுர மீட்டர் வரும். நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 15 சென்ட் நிலம்! நீரைத் தொடுவது மேற்பரப்பே ஆதலால், இத்துகளிலிருந்து வெள்ளி அயனிகள் தாராளமாக நீரில் இறங்குகின்றன. அந்த அயனிகள் கிருமியின் உடற்சுவரையும், அது மூச்சுவிடத் துணைபுரியும் புரதங்களையும் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. கொல்வது துகளா, அதிலிருந்து கரையும் அயனியா என்று விஞ்ஞானிகளிடையே சிலகாலம் வழக்கு இருந்தது. 2012-இல் அமெரிக்காவின் ரைசு பல்கலைக்கழகத்தார் காற்றின் பிராணவாயு சிறிதும் இல்லாத சூழலில் சோதித்தனர். அங்குத் துகள் கரையவில்லை, கிருமியும் சாகவில்லை. ஆகவே துகள் என்பது களஞ்சியம், அயனியே மருந்து.

களஞ்சியம் என்றேன். அதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. களஞ்சியக் கதவைச் சிறிதளவே, ஆனால் நாள்தோறும் ஒரே அளவாகத் திறந்துவைக்க வேண்டும். அளவு மிஞ்சினால் வீண்செலவு. அன்றியும் வெள்ளியை நெடுங்காலம் மிகுதியாக உட்கொண்டவருக்குத் தோல் நீலம் பாரிக்கும் கேடு உண்டு. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் வெள்ளி இருக்கலாகாது என்கிறது. அளவு குறைந்தாலோ கிருமி பிழைத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்துத் தூய நீரில் இந்தச் சமன்பாடு எளிது. கிணற்று நீரில் எளிதன்று. நம் கிணற்று நீர் சுண்ணமும் சிலிக்காவும் உப்பும் கலந்தது. சோறு வடிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு வெள்ளித் துகளின்மீதும் போர்வையாகப் படர்ந்து அதன் வாயை அடைத்துவிடும். உப்பிலுள்ள குளோரைடும் வெள்ளி அயனியைப் பற்றிக் கரையாப் பொருளாக மாற்றிவிடும். முதல் மாதம் சிறப்பாக உழைத்த வடிகட்டி ஆறாம் மாதம் வெறும் அலங்காரப் பாண்டமாக நிற்பதற்கு இது ஒரு பெருங்காரணம்.

இச்சிக்கலை அவிழ்த்தவர்களுள் முன்னிற்பவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் தலப்பில் பிரதீப் அவர்கள். அவர் குழுவினர் முன்னரே நானோத் துகள்களைக் கொண்டு நீரிலுள்ள பூச்சிக்கொல்லி நஞ்சை நீக்கும் வழியைக் கண்டிருந்தனர். 2013-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு நேரானது. அலுமினிய ஆக்சி-ஹைட்ராக்சைடு என்னும் பொருளையும், இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் என்னும் பசையையும் சேர்த்து, நானோ அளவில் ஒரு கூடு சமைத்தனர். அக்கூட்டினுள் வெள்ளித் துகள்களைக் குடியேற்றினர். சுண்ணமும் சிலிக்காவும் கூட்டின் வெளியிலேயே பெரும்பாலும் நின்றுவிட, உள்ளிருக்கும் வெள்ளி அயனி மட்டும் தொடர்ந்து கசிந்துகொண்டிருக்கும். அனைத்தும் நீரிலேயே, சாதாரண வெப்பத்தில், மின்சாரம் இன்றியே செய்யப்பட்டன. முடிந்த பொருள் பார்வைக்கும் உறுதிக்கும் ஆற்றுமணல் போன்றிருக்கும். நீரில் கரைந்து குழையாது. கடற்கரைப் பங்குகளில் இறால் உரிக்கும் நம் சகோதரிகள் குப்பையில் வாரிக் கொட்டுகிற ஓடு இப்படியொரு பணிக்கு உரியது என்பதை எண்ணும்போது எமக்கு உவகை மிகுகிறது.

அம்மணலினின்று கசியும் வெள்ளி லிட்டருக்கு ஏறத்தாழ 0.04 மில்லிகிராம். அதாவது மேலே குறித்த உச்ச அளவில் பாதிக்கும் குறைவு. ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 10 லிட்டர் பருகுவதாகக் கொண்டால், ஓராண்டுக்கு வேண்டிய வெள்ளி 150 மில்லிகிராமைக்கூட எட்டாது. ஒரு கிராம் வெள்ளி கணக்கின்படி ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப் போதும். கொலுசு விற்று வடிகட்டி வாங்க வேண்டிய தேவை இல்லை! ஒரு குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு இரண்டரை டாலர் ஆகும் என்று அக்குழுவினர் அப்போது கணக்கிட்டனர். நிலத்தடி நீரில் கலந்துள்ள ஆர்சனிக் என்னும் நஞ்சை நீக்குவதற்கு அவர்கள் இதே வழியில் உருவாக்கிய மற்றொரு பொருள் மேற்கு வங்காளம் முதலிய இடங்களில் பயன்பாட்டுக்கு வந்தது. பேராசிரியருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஏழைக்கு எட்டும் விலை என்ற எண்ணம் வேறு சிலருக்கும் தோன்றாமல் இல்லை. 2009 டிசம்பரில் டாட்டா நிறுவனத்தார் உமிச்சாம்பலில் நானோ வெள்ளியை ஏற்றிய வடிகட்டியை ஆயிரம் ரூபாய்க்குள் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். மின்சாரமும் ஓடும் நீரும் தேவைப்படாத கருவி. நெல் விளையும் நாட்டில் உமிக்கா பஞ்சம்?

இவற்றிலெல்லாம் எம் மனத்தைக் கவர்ந்தது ஒரு மண்பானையே. மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா கத்தோலிக்கர் மிகுந்த, ஏழைகளும் மிகுந்த நாடு. அங்கே 1981-இல் பெர்னாண்டோ மசரியேகோசு என்னும் விஞ்ஞானி களிமண்ணோடு மரத்தூளைப் பிசைந்து பானை வனைந்தார். சூளையில் மரத்தூள் எரிந்துபோக, அது இருந்த இடங்களெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயின. அப்பானையில் கூழ்ம நிலையிலுள்ள வெள்ளியைப் பூசினார். 'கூழ்மம்' என்று அன்று வழங்கிய அந்த வெள்ளித் துகளும் நானோ அளவினதே; பெயர்தான் பின்னர் வந்தது. நீர் மணிக்கு ஓரிரு லிட்டராகக் கசிந்து அடியிலுள்ள கலத்தில் சேரும். துளைக்குத் தப்பிய கிருமியை வெள்ளி கவனித்துக்கொள்ளும்.

அக்கண்டுபிடிப்பு பல ஆண்டுகள் பெரிதாகப் பரவவில்லை. 1998-இல் மிட்ச் என்னும் பெரும்புயல் நிக்கராகுவா முதலிய நாடுகளை அழித்தது. கிணறுகள் சேறாயின. அந்நேரம் அங்கே குயவர்களோடு உழைத்துவந்த ரான் ரிவேரா என்னும் அமெரிக்கர் இந்தப் பானையைக் கையிலெடுத்தார். குயவர் எவரும் ஒரே அளவில் செய்யும்படி அச்சும் அழுத்துபொறியும் வகுத்தார். எந்த உரிமையும் கோராமல், கேட்டவர்க்கெல்லாம் செய்முறையைக் கற்றுக்கொடுத்தார். நாடு நாடாகச் சென்று ஏறத்தாழ முப்பது பானைத் தொழிற்கூடங்கள் அமையத் துணைநின்றார். நைஜீரியாவில் அத்தகைய ஒரு கூடத்தை நிறுவச் சென்றவிடத்தில் மலேரியா தொற்ற, 2008 செப்டம்பரில், தம் அறுபதாம் வயதில் உயிர்நீத்தார். பிறர் வீட்டுக் குழந்தைகளின் தண்ணீருக்காகத் தம் உயிரைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி நம் மறைக்கல்வி வகுப்புகளில் சொல்லலாம் என்பது எம் தனிப்பட்ட எண்ணம்.

பானை உண்மையில் பயன் தந்ததா? கம்போடியா நாட்டில் உமி கலந்து செய்த இத்தகைய பானைகளைப் பயன்படுத்திய வீடுகளையும் பயன்படுத்தாத வீடுகளையும் ஒப்பிட்டு 2007-இல் ஆய்வு ஒன்று வெளிவந்தது. பானை உள்ள வீடுகளில் வயிற்றுப்போக்கு நூற்றுக்கு 46 பங்கு குறைந்திருந்தது. இது சிறிய வெற்றியன்று. உலகில் இன்னும் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட 4 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆனால் அதே கம்போடிய ஆய்வு வேறொன்றையும் கண்டது. மாதந்தோறும் நூற்றுக்கு இரண்டு வீடுகள் வீதம் பானை பயனிலிருந்து விலகிக்கொண்டே வந்தது. பெரும்பாலும் உடைந்ததனால்! மாற்றுப் பானை அருகில் கிடைக்காத இடத்தில் உடைந்த பானையோடு பழக்கமும் உடைந்தது.

இனி, விற்பனையாளர் சொல்லாமல் விடுவதை நாம் சொல்லியாக வேண்டும்.

வெள்ளி பாக்டீரியாவின் பகைவன். மற்றவற்றுக்கு அத்துணைக் கடியவன் அல்லன். வைரசுகளிடத்தும், கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் சில ஒட்டுண்ணிகளிடத்தும் அதன் ஆற்றல் குறைவு. வேலை செய்யவும் நேரம் எடுத்துக்கொள்ளும். குடிநீரைத் தூய்மையாக்க வெள்ளியை மட்டுமே முதன்மை மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பாய்வின் முடிவு. ஆகவே வெள்ளி ஒரு நல்ல வடிகட்டிக்குள் துணையாக இருப்பது சிறப்பு. தனியே நின்று எல்லாம் செய்யும் என்பது மிகை. கிருமியைக் கொல்லும் வடிகட்டி கிணற்று உப்பை நீக்காது. பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடை நீக்காது. கழிவுநீர், உரம் இவற்றிலிருந்து இறங்கும் நைட்ரேட்டையும் நீக்காது. கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்கும் நீரில் நைட்ரேட்டு மிகுந்தால் குழந்தையின் உடல் நீலம் பாரித்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இதற்குக் காய்ச்சுவதும் பரிகாரம் அன்று. காய்ச்சக் காய்ச்ச நைட்ரேட்டின் செறிவு கூடும். வேறு நீர்தான் தேட வேண்டும்.

எனவே வடிகட்டி வாங்குமுன் நீரைச் சோதிப்பதே முறை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் மாவட்டங்களில் உள்ளன. கிருமி உண்டா என்பதை மட்டும் அறிய ஓர் எளிய வழியும் உண்டு. மருந்து தோய்ந்த காகிதம் இட்ட சிறு புட்டியில் நீரை ஊற்றி, ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த நீர் கறுத்துவிடும். 1982-இல் நம் இந்திய விஞ்ஞானிகள் அறிவித்த முறை இது. இன்று பல நாடுகளில் வழங்குகிறது. பங்கின் இளைஞர் குழுவினர் மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் தெருக் கிணறுகளை இப்புட்டியால் சோதித்து, முடிவை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதினால் எத்தனையோ வீடுகளுக்கு உதவியாகும். நம் தரநிர்ணயப்படி 100 மில்லிலிட்டர் நீரில் ஈ-கோலி ஒன்றுகூட இருத்தல் கூடாது.

திருவிழாக் கூட்டத்துக்கும் அசனப் பந்திக்கும் வடிகட்டி ஏற்றதன்று. மணிக்கு ஓரிரு லிட்டர் தரும் பாண்டம் ஆயிரம் பேரின் தாகத்துக்கு ஈடுகொடுக்குமா? அங்குக் குளோரினே கைகொடுக்கும். ஆயிரம் லிட்டர் தெளிந்த நீருக்கு நல்ல வெளுப்புத்தூள் ஏறத்தாழ இரண்டரை கிராம். முதலில் ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணம் அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே வழங்க வேண்டும். திறந்துவைத்துக் காற்றுப்பட்ட பழைய தூளில் ஆற்றல் இராது. வீட்டில் காய்ச்சலோ பேதியோ உள்ள நாட்களில் எந்த வடிகட்டி இருந்தாலும் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு ஆற்றியே கொடுங்கள். கொதிநீருக்குத் தப்பும் காலராவும் இல்லை, ரோட்டா வைரசும் இல்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில், தூய குடிநீர் மனிதர் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று அழுத்தந்திருத்தமாக உரைத்தார். உரிமையை நிலைநாட்ட வேண்டியவர்கள் ஊராட்சியும் அரசும். வடிகட்டி வாங்கிவிட்டோம் என்பதற்காக, ஊராட்சித் தொட்டியில் குளோரின் கலக்கிறார்களா என்று கேட்பதை நாம் நிறுத்திவிடலாகாது. வடிகட்டி வாங்க இயலாத அடுத்த வீட்டுக்காரரும் அத்தொட்டி நீரைத்தானே பருகுகிறார்?

வாங்கியவர்களுக்கு ஒன்று. வெள்ளி தீர்ந்துபோன வடிகட்டி தன் நிலையைத் தானே சொல்லாது. நீர் முன்போலவே தெளிவாக வரும், சுவையும் மாறாது, கிருமி மட்டும் சாகாது. தீர்ந்ததும் நீரோட்டம் தானே நின்றுவிடும் அமைப்பு சில வடிகட்டிகளில் உண்டு. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். அவ்வமைப்பு இல்லாதவற்றில் உட்பகுதி இத்தனை ஆயிரம் லிட்டருக்கு உரியது என்று அட்டையில் குறித்திருப்பார்கள். உங்கள் வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று அளந்து, அது எத்தனை நாளைக்கு வரும் என்று வகுத்துப் பார்த்து, மாற்ற வேண்டிய தேதியைச் சமையலறை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். உட்பகுதி உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்குமா என்பதையும் முதல் நாளே விசாரியுங்கள். மண்பானையாயின் உள்ளே படியும் சேற்றை மெல்லிய தூரிகையால் தேய்க்கலாம், சோப்பு ஆகாது. வடிந்த நீரைக் குழாய் வைத்த மூடிய கலத்தில் சேருங்கள். குவளையைக் கையோடு அமிழ்த்தி மொள்ளும் குடத்தில் அதை ஊற்றினால், வெள்ளி கொன்ற கிருமிகளை விரல்கள் மறுபடியும் கொண்டுவந்து சேர்த்துவிடும்.